இரண்டு பேர் தூக்கும் கல்

1

இதை நான் புள்ளி எழுத்தில் குத்திக் கொடுக்க, என் மனைவி மீனாட்சி அதைப் பார்த்து மையில் எழுதுகிறாள். நடுவில் அவள் ஒரு வரியை விழுங்கினாலும் எனக்குத் தெரியாது. இல்லாத வரியைச் சேர்த்தாலும் தெரியாது. "நான் எதுக்குச் சேர்க்கறேன், உங்க கதையே போதாதா?" என்கிறாள். நம்புகிறேன். கண்ணில்லாதவனுக்கு நம்புவதைத் தவிர வேறு வழி ஏது?

எனக்கு ஊர் பள்ளிபாளையம். காவேரிக்கு அந்தக் கரையில் ஈரோடு, இந்தக் கரையில் நாங்கள். தெரு முழுக்கத் தறி. ஆறு வயதில் அம்மை வார்த்து இரண்டு கண்ணும் போய்விட்டன. இப்போது மலேயாவில் தைப்பிங் என்ற ஊரில் குடியிருக்கிறேன். கப்பலேறி வந்தவர்கள் எல்லாரும் தாங்கள் பார்த்ததை ஊர்ப் பத்திரிகைகளுக்கு எழுதுகிறார்கள். நான் பார்த்தது ஒன்றுமில்லை. தொட்டதையும் கேட்டதையும்தான் எழுத முடியும்.

தைப்பிங்கைப் பற்றிச் சொல்வதானால் மழையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். சாயங்காலம் ஆனால் வந்துவிடும். நம் பக்கத்தில் மழை வந்தால் ஊரே வாசலுக்கு வரும். இங்கே வராத நாளில்தான் என்னவோ ஏதோ என்று கேட்கிறார்கள். ஈரத்தில் எங்கள் புள்ளிப் புத்தகங்கள் தளர்ந்துபோகின்றன. காகிதம் நமுத்தால் புள்ளி மெத்தென்று ஆகிவிடும், விரலுக்குச் சிக்காது. அதனால் வெயில் தலைகாட்டும்போதெல்லாம் பக்கம் பக்கமாகப் பிரித்து அப்பளம் காயவைப்பது போல் காயவைக்கிறோம். நான் கதை சொல்லிச் சிரிப்பு மூட்டுகிற மனிதன் என்று இங்கே பெயர். போன மாதம் என் அம்மாவின் திதி வந்தது. அன்றோடு என் கதைகளில் ஒன்று செத்துப்போனது. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

இந்த ஊருக்கு நான் பிரம்பு பின்ன வந்தேன். நாகப்பட்டினத்தில் கப்பல் டாக்டர், "கண்ணில்லாதவனுக்கு அங்கே என்ன வேலை?" என்று கேட்டார். மடியிலிருந்த பிரம்பை எடுத்து அவர் முன்னாலேயே பின்னிக் காட்டினேன். சிரித்துக்கொண்டு விட்டுவிட்டார். இங்கே நாற்காலிக்குப் பிரம்பு கட்டிக்கொண்டிருந்தபோது, சில நல்ல மனிதர்கள் சேர்ந்து கடைவீதி மாடியில் கண்ணில்லாப் பிள்ளைகளுக்கு ஒரு சின்னப் பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். பிரம்பு சொல்லிக்கொடுக்கக் கூப்பிட்டார்கள். புள்ளியும் தெரியும் என்றேன். அப்படித்தான் வாத்தியார் ஆனேன், நான் ஆகியிருக்க வேண்டிய வயசுக்கு வெகுகாலம் பிந்தி.

புள்ளி எழுத்து என்றால் என்ன என்று ஊரில் பலருக்குத் தெரியாது. எழுதும் பலகையில் இரண்டு தகட்டைக் கீல் போட்டு இணைத்திருக்கும், புத்தகம் போலத் திறக்கும். நடுவில் தடித்த காகிதத்தை வைத்து மூடி, மேல்தகட்டில் உள்ள சின்னச் சின்ன ஜன்னல்களுக்குள் குத்தூசியால் குத்த வேண்டும். காகிதத்தைத் திருப்பினால் புள்ளிகள் எழும்பி நிற்கும். ஆள்காட்டி விரலால் தடவினால் எழுத்து.

போன வருஷம் எங்கள் பள்ளிக்குச் சீமையிலிருந்து ஒரு மிஷின் வந்தது. ஆறே கட்டைகள், அழுத்தினால் ஓர் எழுத்து முழுசாக விழும். ஒரு பக்கம் குத்த எடுக்கிற நேரத்தில் நாலு பக்கம் அடிக்கலாம். பிள்ளைகள் அதைத் தொட்டுப் பார்த்து ஆனந்தப்பட்டார்கள். மறுநாளே அது காரியதரிசியின் கண்ணாடி அலமாரிக்குள் போய்விட்டது. பிள்ளைகள் கை பட்டால் கெட்டுப்போகுமாம். பெரிய மனிதர் யாராவது பள்ளியைப் பார்க்க வந்தால் மட்டும் வெளியே வரும். காலையில் பிள்ளைகள் என்னிடம் கேட்பார்கள்: "சார், இன்னிக்குத் துரை யாரும் வரலையா?" சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க மாட்டான் என்பது கடல் தாண்டியும் பொய்யாகவில்லை.

ஆபீஸ்களும் அப்படித்தான். என் மகளின் பிறப்புப் பதிவு நகலுக்காக முனிசிபல் ஆபீசுக்குப் போனேன். என்னிடம் ஒரு பித்தளைத் தகடு உண்டு. நீளமாக ஒரு வெட்டு இருக்கும். அதைக் காகிதத்தின் மேல் வைத்து, வெட்டுக்குள் பேனாவை ஓட்டினால் கையெழுத்துக் கோடு தப்பாது. எடுத்து வைத்தேன். குமாஸ்தா, இங்கே கிராணி என்பார்கள், நம் தமிழர்தான், "இதெல்லாம் செல்லாது, பெருவிரல் வையுங்க" என்றார்.

"எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமுங்க."

"போடுவீங்க. நாளைக்கு யாராவது கேட்டா, நான் பார்க்கலையே, எதிலே போட்டேன்னு தெரியாதேம்பீங்க."

சொல்லிக்கொண்டே என் விரலைப் பிடித்து மையில் ஒற்றினார். விரல் என்னுடையது என்ற நினைப்பே அவருக்கு இல்லை. ஊருக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற விரல், அங்கே கைநாட்டு.

அந்த நகலை மகள் கையில் கொடுத்தபோது அவளுக்கும் சந்தோஷம் இல்லை. எங்கள் பக்கத்து வழக்கப்படி அவளுக்கு என் அம்மாவின் பெயரை வைத்தேன்: அருக்காணி. இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் அவள் தன்னை ராணி என்று சொல்லிக்கொள்கிறாள். வீட்டில் பேசுவது தமிழ் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். "அப்பா, ஹூஜான் வருது, ஜன்னல் சாத்தவா?" என்பாள். ஹூஜான் என்றால் மலாயில் மழை. பாட்டியின் பெயர் ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டேன்.

"புஸ்தகத்து மேல கல்லு வெச்ச பாட்டிதானே? அந்தப் பேரைச் சொன்னா எனக்கே சிரிப்பு வருது."

அந்தச் சிரிப்பை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

3

கல்லுக்கு முந்தி நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

சேலத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் கண்ணில்லாப் பிள்ளைகளுக்கு ஒரு சின்ன வகுப்பு இருந்தது. நடத்தியவள் ஒரு வெள்ளைக்கார அம்மாள். அங்கே தங்கிப் புள்ளி படித்தேன். அவள் சீமைக்குத் திரும்பியதும் வகுப்பு கலைந்தது. ஒரு பலகை, ஒரு குத்தூசி, கையாலேயே குத்தித் தைத்த ஒரு கதைப் புத்தகம், இவ்வளவையும் கொடுத்து என்னை ஊருக்கு அனுப்பினார்கள்.

வீட்டில் அம்மாவும் அண்ணன் ஆறுமுகமும். அப்பா போனதும் அண்ணனைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தித் தறிக்குழியில் உட்கார வைத்தார்கள். என்னைவிட நாலு வயசு மூத்தவன், கெட்டிக்காரன். எனக்கு ராட்டை. தார் சுற்றுவது என் வேலை, அதாவது தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் போகிற சின்னக் குழலில் நூல் ஏற்றுவது. அதற்குக் கண் வேண்டியதில்லை.

அண்ணன் என்னிடமிருந்து புள்ளியைக் கற்றுக்கொண்டான். விரலால் அல்ல, கண்ணால். நூல் சுற்றி வரும் காகிதத்தில் குத்தூசியால் குத்தி ஓசைப்படாமல் என் கையில் திணிப்பான். தடவிப் பார்ப்பேன்: "இன்னைக்கும் களிதான். ஓடிப்போலாமா?" நான் சிரிப்பேன். எதற்குச் சிரிக்கிறேன் என்று அம்மாவுக்குத் தெரியாது. அந்தத் தெருவிலேயே எனக்கும் அவனுக்கும் மட்டும் ஒரு பாஷை இருந்தது. அவனுக்கு நான் சொன்ன முதல் பாடம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. புள்ளி போட்ட காகிதத்தின் மேல் கனம் எதையும் வைக்கக் கூடாது; புள்ளி படுத்துவிட்டால் எழுத்து செத்துவிடும். "செரி வாத்தியாரே" என்றான்.

அப்போது செய்தி வந்தது. மெட்ராஸ் பக்கத்தில் ஒரு பெரிய பள்ளியில் கண்ணில்லாதவர்களையே வாத்தியாராக்கும் வகுப்பு தொடங்குகிறார்கள். பிள்ளைகளைப் பொறுக்க ஒரு துரைசானி சேலம் வருகிறாள். அந்தக் காலத்தில் பள்ளிக்குப் பள்ளி ஒவ்வொரு விதமாகப் புள்ளி வைத்தார்கள். அதனால் அவரவர் படித்த புத்தகத்தையே கொண்டு வர வேண்டும், அவள் திறக்கிற பக்கத்தை வாசிக்க வேண்டும். வாசித்தால் சோறு, துணி, படிப்பு. பிறகு வாத்தியார் வேலை. வாசிக்காவிட்டால் ராட்டை.

செய்தி வந்த அன்றே அம்மா என் ராட்டையை எடுத்துக்கொண்டாள்.

"நீ இதைத் தொடாதே சாமி. நூல் அறுத்து வெரல் காச்சுப்போனா எழுத்து எப்பிடித் தெரியும்? நான் சுத்திக்கறேன்."

சமையல், தண்ணீர் எடுப்பது எல்லாம் போக அவளே தார் சுற்றினாள். பொழுது சாய்ந்தால் என் விரலை வெதுவெதுப்பான கஞ்சித் தண்ணீரில் முக்கி விளக்கெண்ணெய் தடவுவாள். அம்மாவால் என் வேகத்துக்குச் சுற்ற முடியாது. தாருக்காக அண்ணனின் தறி அடிக்கடி நின்றது. அந்தச் சத்தம் நின்று நின்று வந்தது இப்போதும் காதில் இருக்கிறது.

4

இனி என் கதை. இதை நான் கப்பலில் சொல்லியிருக்கிறேன், கல்யாண வீட்டில் சொல்லியிருக்கிறேன், பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். வருஷா வருஷம் அம்மாவின் திதியன்று சாப்பாட்டுக்குப் பிறகு கட்டாயம் சொல்வேன்.

எங்கள் வீட்டில் நெய்த வேட்டியைக் கடைக்கு அனுப்புமுன் மடித்து, இரண்டு பலகைக்கு நடுவில் அடுக்கி, மேலே ஒரு கல்லை ஏற்றி வைப்போம். மடிப்பு கத்தி போல நிற்கும். கல் என்றால் சாதாரணக் கல்லா? உடைந்துபோன செக்கின் பாதி. இரண்டு ஆள் சேர்ந்து, மூச்சைப் பிடித்து, முக்கி முனகித் தூக்க வேண்டும். இந்த இடத்தில் நான் கையை அகல விரித்துக் கன்னத்தை உப்பிக் காட்டுவேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். புள்ளிப் புத்தகம் வேறு எப்போதும் உப்பிக்கொண்டுதான் இருக்கும், பத்துக் கதைக்கே மூன்று விரல் தடிமன். என் அம்மா பார்த்தாள். 'அடக் கெரகமே, துரைசானி முன்னாடி எம்பையன் இப்படி ஊதிப்போன பொஸ்தகத்தையா கொண்டு போறது?' என்று நினைத்தாள். வேட்டிக்கட்டோடு சேர்த்துப் பலகைக்கு நடுவில் வைத்தாள். ஏற்றினாள் கல்லை. பரீட்சைக்குப் போகிறபோது என் புத்தகம் சலவை வேட்டி மாதிரி தட்டையாக, அழகாக, ஒரு புள்ளி இல்லாமல் இருந்தது.

எல்லாரும் சிரிப்பார்கள். நெசவுக்காரி அல்லவா, மடிப்புத்தான் மரியாதை என்று நினைத்துவிட்டாள் என்று நான் முடிப்பேன்.

கதையில் நான் வேகமாகத் தாண்டிவிடுகிற இடம் ஒன்று உண்டு. அது சேலத்து அறை. உங்களுக்கு அதையும் சொல்கிறேன்.

ஈரோட்டில் ரயில் ஏறினோம். துணைக்கு அண்ணன் வந்தான். புத்தகத்தைத் துண்டில் சுற்றித் தன் மடியில் வைத்துக்கொண்டான். முந்தின நாளெல்லாம், விரலுக்கு ஓய்வு கொடு, இனிமேல் படித்து என்ன ஆகப்போகிறது என்று சொல்லி அவனே எடுத்து வைத்திருந்தான். சங்ககிரியில் வண்டி நின்றபோது, ஒரு பக்கம் தடவிப் பார்க்கிறேனே என்று கேட்டேன்.

"கரி பறக்குது. எழுத்துல ஒட்டிக்கும். அங்க போய்ப் பாத்துக்கலாம்."

எவ்வளவு பத்திரம் பார் என் அண்ணனுக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

சேலத்து அறையில் துரைசானியும் ஒரு முன்ஷியும் இருந்தார்கள். முன்ஷி துண்டை அவிழ்த்துப் பக்கத்தைத் திறந்து என் கையை மேலே வைத்தார். விரலை ஓட்டினேன். ஒன்றுமில்லை. அங்கங்கே மணல் துகள் போல ஏதோ நெருடியது, எழுத்து ஆகவில்லை. பயம் பிடித்துக்கொண்டது. அது முதல் பக்கம் என்று மட்டும் கனத்தை வைத்துத் தெரிந்தது. ஓர் உழவன் கிணறு வெட்டின கதை. மனசில் இருந்ததை விரலை ஓட்டிக்கொண்டே சொன்னேன். துரைசானி ஏதோ சொன்னாள். முன்ஷி நடுவில் திறந்தார். அது எந்தக் கதை என்று எனக்குத் தெரியவில்லை. வாய் நிற்கவில்லை; உழவன் கதையையே சொல்லிக்கொண்டு போனேன்.

"போதும்ப்பா. நல்ல கிளிப்பிள்ளை" என்றார் முன்ஷி.

"புள்ளி இல்லீங்க. அழிஞ்சு போச்சுங்க."

"இருக்கே. எனக்கே தெரியுதே."

கண்ணுக்குத் தெரிந்திருக்கும். அமுங்கின புள்ளிக்கு அடையாளம் இருக்கும், எழுச்சி இருக்காது. அதை அன்று எடுத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அண்ணன் நின்ற பக்கம் திரும்பி, "அண்ணா, எனக்குப் படிக்கத் தெரியும்னு நீ சொல்லு" என்றேன். அவன் தொண்டையைச் செருமினான். அவ்வளவுதான். வெள்ளைக்காரி முன்னால் பேசக் கூச்சம் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். திரும்புகிற வண்டியில்தான் சொன்னான்: "அம்மாதான் தெரியாத்தனமா வேட்டியோட வெச்சிருச்சாட்ட இருக்குது."

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கேட்டேன். அவள் சுற்றிக்கொண்டிருந்த ராட்டை நின்றது. அப்புறம் சொன்னாள்: "ஆமாஞ்சாமி. எனக்குத் தெரியாமப்போச்சு."

நான் அவளோடு வெகுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. தட்டை வைத்துவிட்டு நிற்பாள். "நீ தொட்டதெல்லாம் நாசம்" என்று ஒருநாள் சொன்னேன். அதற்கும் "ஆமாஞ்சாமி" என்றாள். மறுபடியும் ராட்டை என்னிடம் வந்தது. கப்பல் ஏறுகிறவரை சுற்றினேன். கப்பலில்தான் அதை முதல்முதலாக வேடிக்கைக் கதையாகச் சொன்னேன். சிரிப்பாக்கியதும் அம்மாவை மன்னித்துவிட்டதாக எனக்கு ஒரு பெருமை. அந்தப் பெருமையோடு இத்தனை வருஷம் இருந்தேன்.

5

போன மாதம் ஊரிலிருந்து தங்கவேலு வந்தான். என் தாய்மாமன் மகன், சின்ன வயசில் எங்கள் வீட்டில் தங்கி அண்ணனோடு தறி பழகினவன். இப்போது கைலி வியாபாரம். சரக்கோடு பினாங்கு வந்தவன், அத்தையின் திதி என்று தெரிந்து தைப்பிங்குக்கு வந்துவிட்டான். அண்ணன் கொடுத்தனுப்பினதாக ஒரு ஜோடி வேட்டி கொண்டு வந்தான். அண்ணன் தறியில் நெய்தது. புதுசைத்தான் கட்ட வேண்டும் என்று அதையே கட்டிக்கொண்டு திதி கொடுத்தேன். மடிப்பு இடுப்பில் குத்திற்று. அந்தக் கல் இன்னும் இருக்கிறது என்று சிரித்தேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டார்கள். சொன்னேன். கையை விரித்தேன், கன்னத்தை உப்பினேன். கடைசி வரியை மகளே முந்திக்கொண்டு சொல்லிவிட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். தங்கவேலு சிரிக்கவில்லை. அவன் வெற்றிலை மெல்லுகிற சத்தம்கூட நின்றுவிட்டது எனக்குக் கேட்டது.

எல்லாரும் போனபிறகு வாசலில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"மச்சான், அந்தக் கதைய இனிமே சொல்லாதீங்க."

"ஏன் மாப்ளே?"

"அந்தக் கல்லைத் தூக்க ரெண்டு ஆளு வேணும்னு நீங்களேதான சொல்றீங்க. எங்கத்தை இத்துனூண்டு பொம்பளை. ஒத்தையாளா எப்பிடித் தூக்குனாங்கன்னு ஒருநாளாச்சும் ரோசனை பண்ணுனீங்களா?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவனே உடைத்துச் சொன்னான்.

"அத்தை கல்லைத் தொடவே இல்லீங்க. பெரிய மச்சானும் நானுந்தான் தூக்கி வெச்சோம். உள்ள வேட்டிக்கட்டு மட்டும் இருக்குதுன்னுதான் நான் நெனச்சேன். சேலத்துல இருந்து நீங்க அழுதுட்டு வந்த பொறவுதான் எனக்கே தெரிஞ்சுது."

"அண்ணன் தெரியாம வெச்சிருப்பான்" என்றேன். சொல்லும்போதே அது பொய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. புள்ளி மேல் கனம் ஆகாது என்று தெருவிலேயே தெரிந்த ஒரே ஆள் அவன்தானே.

"நான் கேட்டனுங்க. 'கண்ணு இருக்கற நான் குழியில கெடக்கறேன், கண்ணில்லாதவன் நாற்காலியில உக்காருவானா'ன்னாரு. அதோட எந்திருச்சுப் போயிட்டாரு."

"அம்மாவுக்கு?"

"அத்தைக்கும் தெரியுமுங்க. நீங்க வந்து கேட்டப்பவே பெரிய மச்சான் மொகத்தைப் பாத்துக் கண்டுபுடிச்சுட்டாங்க. 'ரெண்டு பேரும் ஒரே ஊட்டுல இருக்கோணும், தங்கவேலு, நீ வாயத் தொறக்காதே'ன்னு எங்கையில அடிச்சுச் சத்தியம் வாங்குனாங்க. இத்தன வருசம் காப்பாத்துனேன். அவங்க திதியில அவங்களையே வெச்சு எல்லாருஞ் சிரிக்கறீங்க. பொறுக்கலைங்க."

6

எனக்கு வந்தது துக்கம் அல்ல, கோபம். அதை மறைக்க விரும்பவில்லை. வாத்தியார் வகுப்பு போனதுகூடப் பெரிதில்லை. சுற்றி வளைத்து இன்று அந்த வேலைக்குத்தான் வந்திருக்கிறேன். பாஷை சொல்லிக்கொடுத்தவனையே அந்தப் பாஷையை வைத்து வெட்டினானே, அதைத்தான் தாங்க முடியவில்லை. கனம் வைத்தால் புள்ளி சாகும் என்று நான் சொல்லாமல் இருந்திருந்தால் அவனுக்கு வழி தெரிந்திருக்காது. மடியில் வைத்துக்கொண்டு வந்தானே, கரி படும் என்றானே, அதெல்லாம் அன்பு என்று இத்தனை காலம் சேர்த்து வைத்திருந்தேன். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன், எல்லாம் தட்டை.

ஊரை விட்டு வந்தபிறகு அண்ணன் எனக்கு ஒரு புள்ளிகூடக் குத்தி அனுப்பவில்லை. கடுதாசி வரும், யார் கையாலாவது எழுதிய மைக் கடுதாசி. மீனாட்சி படித்துச் சொல்வாள். அவன் மறந்துவிட்டான், தறிக்காரனுக்கு நேரம் ஏது என்று நானே அவனுக்காகப் பேசுவேன். மறந்திருக்க மாட்டான் என்று இப்போது தெரிகிறது.

அம்மாவின் மேலும் கோபம் இல்லாமல் இல்லை. என் விரலுக்கு எண்ணெய் போட்டவள், தார் சுற்றித் தன் விரலைக் காய்ச்சுப்போக வைத்தவள், அவளா அந்தப் புத்தகத்தைக் கல்லில் வைப்பாள்? யோசிக்க எனக்குப் புத்தி இல்லை, சரி. ஆனால் அவள் சொல்லியிருக்கலாம். இரண்டு மகனில் ஒருவனைக் காப்பாற்ற வேண்டும் என்று வந்தபோது அவனைக் காப்பாற்றினாள். எனக்குப் பொய்யைக் கொடுத்தாள். நான் வைததையெல்லாம் வாங்கிக்கொண்டு நின்றாள். அவளுக்கு அது தியாகம். எனக்கு? அவள் காலைப் பிடிக்கிற வாய்ப்பை அவளே எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மகளைக் கூப்பிட்டு உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"அப்போ பாட்டி ஏம்ப்பா பொய் சொன்னாங்க?"

பள்ளிக்கூடத்தில் அவள் இன்னும் ராணிதான். அதற்காக அவளைக் கோபிக்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

வேட்டியை மீனாட்சியிடம் கொடுத்து, மடிப்புத் தெரியாமல் போகிற வரைக்கும் தண்ணீரில் ஊறவைக்கச் சொன்னேன். "நல்ல வேட்டிங்க" என்றாள். நல்ல வேட்டிதான், யார் இல்லை என்றது? அண்ணன் கைவேலையில் எப்போதும் குறை வராது.

7

தங்கவேலு ஊருக்குத் திரும்புகிற நாள் வந்தது. ரயிலுக்குக் கிளம்புமுன் புள்ளிப் பலகையை எடுத்து, இருந்ததிலேயே தடித்த காகிதமாகப் பார்த்து வைத்து மூடினேன். என்னென்னவோ குத்த நினைத்தேன். சேலத்து அறையை, ராட்டையை, அம்மா தட்டை வைத்துவிட்டு நின்றதை எல்லாம் எழுதிக் கேட்க நினைத்தேன். தங்கவேலு சொன்ன ஒன்று மனசில் நின்றது: ஊரிலும் ஒறம்பரை, விருந்தாளி என்று யார் வந்தாலும் அண்ணன் இந்தக் கதையைத்தான் சொல்கிறானாம், என்னைப் போலவே கையை விரித்து, கன்னத்தை உப்பி. தெருவே இன்னும் அம்மாவை நினைத்துச் சிரிக்கிறது.

ஒரே ஒரு வரி குத்தினேன்.

"அண்ணா, அம்மா மேல் வைத்த கல்லை எடு."

தங்கவேலு காகிதத்தை வாங்கித் தடவிப் பார்த்தான். அவனுக்குப் புள்ளி தெரியாது.

"பொட்டியில அடியில வெச்சுக்கட்டுங்களா மச்சான்?"

"மேலாப்புல வை. அது மேல ஒண்ணும் வெக்காதே."

"பெரிய மச்சான் கையில குடுக்கறப்ப என்னன்னு சொல்றதுங்க?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். அவனுக்குப் படிக்கத் தெரியும்" என்றேன். "மேலே கனம் வெச்சா அழிஞ்சுபோகும்னும் அவனுக்குத் தெரியும்."